மகரத்தின் மேசையில் மதிநுட்பம்

அந்த அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. யார் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்துதான் அவர். இருப்பதிலேயே நீளமான ககர வரிசையைத் தலைமைப் பதிப்பாசிரியர் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டதால் அவர் ககரம். பகர வரிசையைப் பார்க்கும் பெண் பகரம். இந்தக் கதை மகரத்தைப் பற்றியது. இருபது வருடமாக மகர வரிசையோடு மல்லுக்கட்டுகிறவள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதை அவளுடைய ராசி என்று நினைத்து, இந்த வருடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்ததும் உண்டு.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே மூன்று அறை, அவ்வளவுதான். சன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் பழைய காகித நாற்றம். எந்த நாற்றம் வேண்டும் என்று தினமும் காலையில் ஒரு சண்டை நடக்கும். அதில் எப்போதும் ஜெயிப்பவள் மகரம்தான். இரண்டு வாரமாக அவள் அந்தச் சண்டைக்கே வரவில்லை. யாரோ திறந்தார்கள், யாரோ மூடினார்கள், அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

அன்று அவள் மேசைக்கு வந்திருந்த சொல் மதிநுட்பம். புதிய பதிப்புக்காகப் பொருளையும் பிறப்பையும் திருத்தி எழுத வேண்டும். பின்பாதியில் அவளுக்குச் சிக்கல் இல்லை. நுட்பம் என்பது நுண் என்ற வேரிலிருந்து வந்தது. நுண் என்றால் சிறியது, மெல்லியது. நுணுக்கம், நுண்மை, நுணுகிப் பார்ப்பது எல்லாம் அதன் சொந்தபந்தம். முன்பாதியில்தான் தகராறு. மதி வடமொழியிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. அளவிடுவதற்கும் எடைபோடுவதற்கும் மதித்தல் என்று இங்கேயே ஒரு சொல் இருக்கும்போது எதற்காக வெளியே போக வேண்டும் என்று இன்னொரு கட்சி. வேறு நாளாக இருந்தால் மகரம் இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரு கை பார்த்திருப்பாள். அன்று இரண்டு கருத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு நிறுத்தினாள். பொருள் என்ற இடத்தில் முந்தைய பதிப்பில் இருந்ததையே எழுதினாள்: நுண்ணியவற்றைக் கவனிக்கும் திறன்.

ககரம் அதை வாங்கிப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ அர்ச்சனை என்று அர்த்தம்.

"ஏம்மா மகரம், போலீஸ் நாய்கூடத்தான் சின்னச் சின்ன விஷயத்தைக் கவனிக்குது. அதுக்கு மதிநுட்பம் இருக்குன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன் சார்."

"கவனிச்சா மட்டும் போதாதும்மா. கவனிச்சதை வெச்சு, வெளியில தெரியாத ஒண்ணைப் பிடிக்கணும். அதுதானே மதிநுட்பம்? முன்னாடி எழுதினவர் பாதியிலேயே நிறுத்திட்டார். நீயும் அதையே காப்பி அடிச்சிருக்கே."

"சரி சார். மாத்திடறேன்."

பக்கத்து மேசையிலிருந்து பகரம் நிமிர்ந்து பார்த்தாள். மகரம் மறுபேச்சுப் பேசாமல் சரி என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. ககரத்துக்கும் சப்பென்று போய்விட்டது. நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வந்த மனிதர், கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

மகரத்துக்கு என்ன ஆயிற்று என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே, அதற்குத் தெம்பில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றுமே, அவள் மொத்தமாகவே அப்படித்தான் இருந்தாள். சாப்பாடு உள்ளே போனது. பேருந்து வந்தால் ஏறினாள். அழுகையும் வரவில்லை.

விஷயம் இதுதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் தலைக்குள் சொற்கள் இருக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா சொன்னார். அறுவை சிகிச்சை கிடையாது, குணப்படுத்த மருந்தும் கிடையாது. முதலில் பொருள்களின் பெயர் போகும், பிறகு ஆட்களின் பெயர், பிறகு பேச்சே போய்விடும்.

"எப்ப ஆரம்பிச்சது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்று அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் கேட்டார். "அவருக்குப் பழைய ஸ்கேன் எதுவும் இல்லை. வீட்ல இருக்கறவங்க சொல்றதை வெச்சுத்தான், இது எவ்வளவு வேகமாப் போகுதுன்னு நான் சொல்ல முடியும்."

"ஒரு மூணு மாசம் இருக்கும் டாக்டர்," என்றாள் மகரம். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவர் மாடி வீட்டுக்காரரின் பெயரை மறந்து திருதிருவென்று விழித்தார். அதற்கு அடுத்த வாரம் சொந்தத் தங்கையை ஃபோனில் மூன்று தடவை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டு அவளிடம் வசவு வாங்கினார்.

டாக்டரின் முகம் வாடியது. மூன்று மாதத்தில் இந்த அளவுக்கு வந்திருக்கிறதென்றால் ரொம்ப வேகம். அடுத்த வருடம் இந்நேரம் அவரோடு பேச முடியுமா என்பதே சந்தேகம். பேச்சுப் பயிற்சி என்று ஒன்று உண்டு, ஆனால் இத்தனை வேகமாகப் போகிறவர்களுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து இரண்டு பேரும் வாருங்கள் என்று அனுப்பினார். அந்த நாள் நாளைக்கு.

டாக்டர் சொன்ன அன்று கணவர் வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காததுபோல் குழாயில் சொட்டிய தண்ணீரை நிறுத்தினார். அவள் சமையலறையில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத மனிதர் அவர். கல்யாணமான புதிதில், இந்த ஆளுக்கு வாய் வலிக்காதா என்று தன் அம்மாவிடம் புகார் சொன்னவள் அவள். ஒரு வருடம்தான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அதுவும் யாரோ வேறு ஒருத்தியின் கணக்காகவே பட்டது.

இப்போது இந்த அலுவலகத்தின் இன்னொரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, வெளியே காதில் விழுந்த புதுச் சொல் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். பேருந்தில், சந்தையில், பக்கத்து வீட்டுச் சண்டையில் எங்கே கேட்டதாக இருந்தாலும் சரி. சொந்தமாக ஜோடித்துக்கொண்டு வந்தால் ககரம் கண்டுபிடித்து மானத்தை வாங்கிவிடுவார். எந்தச் சொல்லுக்கு எல்லாரும் அதிகமாகச் சிரிக்கிறார்களோ அந்தச் சொல்லை அலுவலகத்தில் ஒரு வாரம் புழங்க வேண்டும். இந்தப் போட்டியில் மகரத்தை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அவளுக்கு வீட்டிலேயே ஒரு சுரங்கம் இருந்தது.

"நேத்து மழை வந்துச்சா, எங்க வீட்டுக்காரர் அந்த மழைத்தொப்பியை எடுடீங்கறார். குடையைத்தான் சொல்றார்!" இப்படித்தான் ஆரம்பிப்பாள். சாவிக்குக் கதவுக்குச்சி. சீப்புக்குத் தலைவாருகோல். காகிதத்தைக் கடித்துப் பிடிக்கும் ஸ்டேப்ளருக்குக் கடிப்பான். சாப்பிட்டுக்கொண்டிருந்த ககரத்துக்குப் புரையேறி, பகரம் அவர் தலையில் தட்டியிருக்கிறாள். மாமா இங்கே வந்து உட்கார வேண்டியவர், விதி அவரை லிஃப்டுக்குள் போட்டு அடைத்துவிட்டது என்பார்கள். வாரம் முடிந்தாலும் அவர் சொற்கள் மட்டும் போகவில்லை. அங்கேயே தங்கிவிட்டன.

சொல்லைக் கண்டால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதும், நல்லதாக இருந்தால் சப்புக்கொட்டுவதும் அகராதிக்காரர்களுக்கு உள்ள வியாதி. வேறு வீட்டில் ஒரு மனுஷன் குடை என்ற வார்த்தை வராமல் மழைத்தொப்பி என்று சொன்னால், பெண்டாட்டி நெற்றியில் கைவைத்துப் பார்த்திருப்பாள். மகரம் ரசித்தாள். புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் தூக்கத்தில் எழுந்து கண்டுபிடிப்பவள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மகர வரிசையைப் பார்ப்பவள், சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஆளை விட்டுவிட்டாள். கதை சொல்கிற எனக்கே கோபமாகத்தான் வருகிறது, என்ன செய்ய.

அன்று மதியம் மூன்று மணி வாக்கில், ககரம் தன் அறை வாசலில் நின்று கத்தினார். "யாரும்மா அது, என் கடிப்பானை எடுத்துட்டுப் போனது?"

"இந்தாங்க சார், எங்கிட்டதான் இருக்கு," என்று பகரம் எழுந்து போய்க் கொடுத்தாள்.

மகரம் பேனாவை வைத்தாள். இரண்டு வாரமாக அந்தச் சொல் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, உள்ளே போகவில்லை. இன்றைக்கு என்னவோ, மதிநுட்பத்தின் பிறப்பைத் தேடிக்கொண்டிருந்த கையோடு அதுவும் மாட்டிக்கொண்டது. பழக்கதோஷத்தில், கடிப்பான், இது யார் வாயில் பிறந்தது, ஏன் பிறந்தது என்று அவள் மனம் தானாகக் கேட்டது. யார் என்பது தெரியும். ஏன்? ஒரு பொருளுக்கு ஊரறிந்த பேர் இருக்கும்போது ஒருவர் எதற்காகப் புதுப் பேர் வைக்கிறார்? விளையாட்டுக்காக வைக்கலாம். அந்தப் பழைய பேர் கைக்குக் கிடைக்காமல் போனாலும் வைக்கலாம்.

அவள் நாற்காலியில் அப்படியே இருந்தாள். நெஞ்சு படபடக்கவில்லை. யாரோ ஒரு கணக்கைப் போட்டு விடையை அவள் முன்னால் வைத்ததுபோல்தான் இருந்தது.

"பகரம், இந்தக் கடிப்பான்கற பேச்சு இங்க எப்பலேர்ந்து இருக்கு?"

பகரம் சிரித்தாள். "என்னக்கா, நீங்க கொண்டுவந்ததை என்னைக் கேக்கறீங்க? நான் சேர்ந்த அன்னைக்கே சார் என்னைக் கடிப்பான் எடுத்துட்டு வான்னு அனுப்பினார். நான் குறடைத் தூக்கிட்டுப் போய் நின்னேன். எல்லாரும் சிரிச்சீங்களே, மறந்துட்டீங்களா?"

"நீ சேர்ந்து எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருஷம் முடிஞ்சு போச்சுக்கா. ஏன்?"

மகரம் விரல் விட்டு எண்ணினாள். ககரம் வாய் வலிக்கச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: எந்தச் சொல்லும் சான்று கிடைத்த அன்று பிறப்பதில்லை, அதற்கு முன்பே எங்கோ புழங்கியிருக்கும், ஆகவே கிடைத்த இடத்தோடு நிற்காதே, பின்னால் போய்த் தேடு. பகரம் வந்தபோதே கடிப்பான் இங்கே பழசாகிவிட்டிருந்தது. அதற்கும் முன்னால் மழைத்தொப்பி. அதற்கும் முன்னால் என்ன? அவளுக்கு நினைவில்லை. ஆனால் மூன்று மாதம் இல்லை. மூன்று வருடத்துக்கும் மேலே.

மூன்று மாதம் என்றால் ஒரு வருடத்தில் பேச்சு போய்விடும். மூன்று வருடத்துக்கு மேலே என்றால் மெதுவாகத்தான் போகிறது, அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டாம். நாளைக்குப் போய் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால், மூன்று வருடமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வியும் கூடவே வரும். சிரித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவளுக்கு நல்ல சேதி கிடைத்த சந்தோஷமும் வரவில்லை, குற்றத்தின் குறுகுறுப்பும் வரவில்லை. இரண்டும் வாசலில் நின்றன, உள்ளே கூப்பிட அவளிடம் ஆள் இல்லை.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் மதிநுட்பத்தைத் திருத்தினாள். நுண்ணியவற்றைக் கவனித்து, அவற்றிலிருந்து வெளிப்படையாகத் தெரியாததை அறியும் திறன். ககரம் படித்துவிட்டு, "இது சரி," என்றார். அவர் வாயிலிருந்து இது சரி என்று வருவது லேசுப்பட்ட விஷயமில்லை. மகரம் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் மருத்துவமனையில் நீல நாற்காலிகள் வரிசையாகப் போட்ட நடைவழியில் இருவரும் காத்திருந்தார்கள். கணவர் எதிரே இருந்த லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடும்போது அது லேசாக ஒரு உதறு உதறியது.

"கீழ... அந்த... கதவு ஓடுமே, அதுல அழுக்கு," என்றார். "யாரும் துடைக்கலை."

"நீங்க இங்க வேலைக்கு வரலை. சும்மா உக்காருங்க," என்றாள் மகரம்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அவரிடம் சில படங்களைக் காட்டினார். நாற்காலி சொன்னார். கடிகாரம் சொன்னார். ஏணி வரவில்லை. "மேல போறது. நான் தினம் தூக்கிட்டுப் போறதுதான்," என்று சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். டாக்டர் குறித்துக்கொண்டு மகரத்தின் பக்கம் திரும்பினார். அதற்கு முன்பே அவள் வாயைத் திறந்தாள். திறக்காவிட்டால் பிறகு திறக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர், நான் போன தடவை தப்பாச் சொல்லிட்டேன். மூணு மாசம் இல்லை. மூணு வருஷத்துக்கு மேல இருக்கும்."

டாக்டரின் பேனா நின்றது. "நிச்சயமாத் தெரியுமா? எதை வெச்சுச் சொல்றீங்க?"

மகரம் சொன்னாள். குடையையும் ஸ்டேப்ளரையும் சாவியையும் சொன்னாள். சாப்பாட்டு நேரத்துப் போட்டியைச் சொன்னாள். பகரம் சேர்ந்த வருடத்தைச் சொன்னாள். "இவர் தமாஷுக்குச் சொல்றார்னு நினைச்சேன். ஆபீஸ்ல போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருக்கணும், என் வேலையே அதுதான், ஆனா தெரியலை." குரல் எங்கும் இடறவில்லை. தயிர் விலை சொல்வதுபோல் சொல்லி முடித்தாள். கணவர் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவர் குரலே மாறியிருந்தது. "நீங்க சொல்றது ரொம்ப முக்கியம்மா. மூணு வருஷம்னா இது மெதுவாப் போற வகை. இன்னும் சில வருஷம் இவர் பேசுவார். பேச்சுப் பயிற்சியும் உடனே ஆரம்பிக்கலாம், இப்ப அதுக்கு அர்த்தம் இருக்கு."

"நாலு," என்றார் கணவர்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"நாலு வருஷம். மூணு இல்லை." அவர் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தார். "பெரிய கட்டடம் ஒண்ணு. நான் லிஃப்டு குழிக்குள்ள நிக்கறேன். மேல நிக்கற ஆளுகிட்ட அதைக் குடுன்னு கேக்கறேன். எதைன்னு கேட்டான். வரலை. கையால காமிச்சேன், முறுக்கறதுன்னு. வாய்க்கு வந்த பேரைக் கத்தினேன். ஸ்பேனர். இப்ப வருது பாருங்க, அன்னைக்கு வரலை. இருட்டுல நின்னுக்கிட்டு... வேர்த்துப் போச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவகிட்ட சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே." இப்போதுதான் அவர் மகரத்தைப் பார்த்தார். "எனக்கு ஸ்பேனர் பேரே மறந்துபோச்சு, முறுக்குமாமாவைக் குடுடான்னு கத்தினேன்னு சொன்னேன். பயமா இருக்குன்னு சொல்லத்தான் வந்தேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. சரி, ஒண்ணுமில்ல போலன்னு நானும் சிரிச்சேன்."

மகரத்துக்கு நினைவு வந்தது. முறுக்குமாமா. மறுநாள் சாப்பாட்டில் அதுதான் ஜெயித்தது.

"அப்புறம் எத்தனையோ தடவை வார்த்தை வராது," என்றார் அவர். "வராதப்ப ஒண்ணு வெச்சுச் சொல்லுவேன். நீ சிரிப்பே. பயம் போயிடும். அதனால விட்டுட்டேன்."

டாக்டர் மேசை மேல் இருந்த காகிதங்களை எடுத்து அடுக்கினார். அவை ஏற்கனவே அடுக்கித்தான் இருந்தன. "நாலு வருஷம்னா இன்னும் நல்லது," என்று மெதுவாகச் சொன்னார். "இன்னும் நிதானமாப் போகுதுன்னு அர்த்தம். டைம் இருக்கு."

மகரம் கேட்டுக்கொண்டாள். இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளியிருக்கலாம். அவர் இன்னும் சில வருடம் பேசுவார். அவர் பயந்து வந்து நின்ற இரவில் அவள் சிரித்தாள். இரண்டையும் சேர்த்தேதான் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

வெளியே நடைவழியில் அதே நீல நாற்காலியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உடைந்த லிஃப்டைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, எங்கே கோளாறு என்று தேடுகிற பார்வை.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? சிரி," என்றார்.

"வரலைங்க."

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல. டைம் இருக்கு."